நீதிக்குச் செவி ஒன்றுதானா?

திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டவன் தோட்டத் தொழிலாளி. சுமத்தியது தோட்ட நிர்வாகம். தேயிலைத்தூள் பொதியை அவன் காம்பராவில் கண்டதாகச் சொல்பவன் காவற்காரன். கணக்குக் காட்டுபவர் கணக்கப்பிள்ளை. இருவரும் கூண்டேறிச் சொல்லி இறங்குகின்றனர். எதிரிக்காக அடுத்த காம்பராக்காரி எழுந்ததும் தடை பிறக்கிறது: "இவள் எதிரியின் ஆள்; இவள் சாட்சியம் எதற்கு? காலந்தான் வீண்!"

நாம் கேட்கிறோம்: லயத்தில் வாழ்பவனுக்கு லயத்தாரன்றி வேறு யார் சாட்சி? அன்றிரவு அவன் வீட்டில் இருந்தானா, பொதி எப்படி வந்தது என்பதைச் சுவருக்கு அப்பால் படுத்திருந்தவளன்றி, நுவரெலியாப் பட்டணத்துக் கனவானா அறிவார்?

அவள் எதிரியின் ஆளாம்! காவற்காரன் யாருடைய ஆள்? நிர்வாகத்தின் சம்பளம் அவன் சொல்லைக் கறைப்படுத்தவில்லையென்றால், அயல்வீட்டு உறவு அவள் சொல்லை மட்டும் எப்படிக் கறைப்படுத்தும்? அவளும் அதே நிர்வாகத்திடம் கூலி பெறுபவள்தான். பிழைப்புக்கு வினை வருமென அறிந்தே பேச வந்தவள். அவள் சொல்லுக்கல்லவா மதிப்பு அதிகம்?

1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 114 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? களவு நடந்த சிறிது காலத்துள் களவுப் பொருளை வைத்திருப்பவன், அது வந்த வழியைச் சொல்லாவிடின், அவனே திருடன் அல்லது அறிந்தே வாங்கியவன் என மன்று ஊகிக்கலாம் என்கிறது. வழியைச் சொல் என்று கேட்பது சட்டம். சொல்ல வந்தவளின் வாயை அடைப்பதும் சட்டமா?

1702 வரை இங்கிலாந்தில், பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் சாட்சிகள் சத்தியம் செய்து பேச இயலாது. அந்நாடே மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட அநீதி நம் மலைநாட்டில் தலைகாட்டலாமா?

கூண்டேற விடாமல் தடுப்பது ஒரு வழி. ஏறவிட்டு, "வழக்குத் தொடுநர் தரப்புக்கு முரண், ஆகவே பொய்" என ஒரே வரியில் தள்ளுவது மறு வழி. ஜேம்ஸ் சில்வா வழக்கில் 1980 இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கண்டித்தது. இருதரப்புச் சான்றையும் ஒருசேர நிறுத்தே தீர்ப்புக் கூற வேண்டும் என்றது. எதிரி தன் சாட்சிகளை அழைத்துக்கொள்ளும் உரிமையை 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் உறுதி செய்கிறது. கேட்டபின் நம்பாதிருக்கலாம், கேளாமலே நம்ப மறுப்பது தீர்ப்பன்று, முன்முடிவு!

தண்டனைச் சட்டக்கோவையின் 367 ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. தொழிலாளிக்கோ அதற்கு மேலும் உண்டு. வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும், குடும்பமே தெருவில் நிற்கும்.

தொழிற்சங்கத் தோழர்களே! சாட்சிகளின் பெயர்களை முதல் தவணையிலேயே சட்டத்தரணியிடம் கொடுங்கள். மன்றேறும் நாளில் சாட்சி இழக்கும் பேருக்குச் சங்கம் ஈடு கொடுக்கட்டும். தடை எழுந்தால், மறுப்பையும் அதன் காரணத்தையும் வழக்கேட்டில் பதியக் கோருங்கள். ஏட்டில் ஏறாத அநீதியை மேன்முறையீட்டில் காட்ட முடியாது.

தராசுக்குத் தட்டு இரண்டு. நீதிக்குச் செவியும் இரண்டாகவே இருக்கட்டும்!