கலாநிதிப் பட்டத்தைத் தோண்டுகிறோம், சபைக் கணக்கைக் கேட்கிறோமா?



கொஞ்ச நாளாக நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் பழையபடி அதே சண்டை. யார் படித்தவர், யாருடைய பட்டம் உண்மை, எந்தக் கட்சியில் எத்தனை பேர் ஓ/எல் தாண்டவில்லை என்று. 2024 டிசம்பரில் சபாநாயகர் அசோக ரன்வல பதவி விலகியபோது தொடங்கியது இன்னும் ஓயவில்லை.

அந்த விடயத்தில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் பெற்றதாகச் சொன்ன கலாநிதிப் பட்டத்துக்கு ஆவணம் காட்ட முடியவில்லை, பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் டிசம்பர் 13 இல் விலகினார். விலகியதுதான் சரி. பட்டம் இல்லாதது குற்றம் அல்ல. பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் மாணவன் ஒருவன் இல்லாத சான்றிதழை இருப்பதாகச் சொன்னால் நாம் சும்மா விடுவோமா?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதிர்க்கட்சித் தலைவர் தன் சான்றிதழ்களைப் பாராளுமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினார். நாமும் ஆளுக்கொரு சான்றிதழைத் தேடித் திரிந்தோம். "பாடசாலைச் சிற்றூழியருக்கே ஓ/எல் கேட்கிறார்கள், எம்.பி.க்கு ஒன்றும் வேண்டாமா?" என்ற பதிவை எத்தனை பேர் பகிர்ந்தோம்! கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. நமது அரசியலமைப்போ வேட்பாளரிடம் கல்வித் தகைமை எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மீனவரோ, தோட்டத் தொழிலாளியோ அந்த 225 ஆசனங்களில் ஒன்றில் உட்கார முடியாது. நம் உம்மாமார், வாப்பாமாரில் எத்தனை பேர் அந்தச் சல்லடையில் தேறுவார்கள்? 1960 இல் உலகின் முதல் பெண் பிரதமராக வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனவர் அல்லர்.

சரி, படித்தவர்கள் வந்தால் நாடு உருப்படும் என்கிறீர்களா? அதையும் பார்த்துவிட்டோம். 2019 இல் 'வியத்மக' என்று பேராசிரியர்களும் தொழில்வல்லுநர்களும் ஒரு மேடையில் திரண்டுதான் கோட்டாபய ராஜபக்சவை ஜனாதிபதியாக்கினார்கள். வந்த வேகத்தில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையும் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று சிலரைத் தீர்ப்பில் குறிப்பிட்டது. அரசியல்வாதிகளோடு அந்தப் பட்டியலில் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், கலாநிதி ஒருவர், பட்டயக் கணக்காளர் ஒருவர். யாருடைய பட்டமும் போலி அல்ல.

நம் சமூகத்துக்கு இதைவிடக் கசப்பான பாடம் ஒன்று இருக்கிறது. கொவிட் காலத்தில் நமது ஜனாஸாக்களை எரிக்க வைத்தது யார்? அதற்குக் காரணம் சொன்னது படிக்காத மேடைப் பேச்சாளர்கள் அல்லர், ஒரு நிபுணர் குழு. நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 20 நாள் சிசுவையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அனுமதி வந்தது, பிறகு ஓட்டமாவடி. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரித்தது எரித்ததுதான்.

ஆகவே சான்றிதழை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. பார்க்க வேண்டியது செலவை. அதிலும் நாம் கண்ணுக்குத் தெரிவதோடு நின்றுவிடுகிறோம். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டம்பர் 10 இல் 151க்கு 1 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மறுநாளே மஹிந்த ராஜபக்ச விஜேராம இல்லத்தைக் காலி செய்தார். நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் 2023 இல் அரச வருமானத்தில் பாதிக்கும் மேல் கடன் வட்டிக்கே போனது. அந்தப் பள்ளத்தை ஒரு பங்களா நிரப்பாது. ஒரு போன் ரீலோட்டில்கூட இன்று 18 வீத வற் கட்டுகிறோம். அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை சின்னப் பிள்ளைக்கும் உண்டு.

நம் பள்ளிவாசலைப் பாருங்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அறிவித்தல் பலகையில் மாதக் கணக்கு தொங்கும். கரண்ட் பில் ஏன் கூடியது, பெயின்ட் வாங்கிய மிச்சம் எங்கே என்று ஒரு ரூபாய் விடாமல் கேட்கிறோம். நம்பிக்கையாளர் சபைத் தலைவர் எத்தனையாம் வகுப்பு படித்தார் என்று யாரும் கேட்பதில்லை, அமானிதத்தைக் காக்கிறாரா என்றுதான் பார்க்கிறோம். அதே நாம், பிரதேச சபை போட்ட வடிகான் முதல் மழைக்கே உடைந்தால் வாய் திறப்பதில்லை. ஏன்? உறுப்பினர் நம் மச்சான். ஒப்பந்தக்காரர் சாச்சாவின் மருமகன். நாளைக்குக் கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். கொழும்பில் இருக்கும் சபாநாயகரைத் திட்டுவதற்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அதனால்தான் அந்தச் சண்டை நமக்கு இவ்வளவு இனிக்கிறது.

முகத்தை முறிக்காமல் கேட்கவும் வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்தப் பிரஜையும் பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். இது எவருக்கும் எதிரான முறைப்பாடு அல்ல என்பதை மச்சான்மாருக்கும் சொல்லிவைப்போம்.

முதலில் நம் வடிகானையே கேட்போம்: மதிப்பீடு எவ்வளவு, எத்தனை பேர் கேள்விமனு போட்டார்கள், கொடுத்த பணம் எவ்வளவு, வேலையைப் பார்த்துக் கையொப்பமிட்டவர் யார். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கையும் பெற்றோர் இதேபோல் கேட்க வேண்டும், ஆசிரியர்களாகிய நாம் முகம் சுளிக்கக் கூடாது.

விண்ணப்பம் எழுத உதவி தேவையானவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலுக்கு வாருங்கள். நாம் மூன்று பேர் இருப்போம். அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள், கல்விச் சான்றிதழ் தேவையில்லை.