சாவுப்படம்: விற்றால் துக்கம் பொய்யாகிவிடுமா?

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. 1858இல் ஹிரோஷிகே இறந்தபோது குனிசாதா வரைந்த நினைவுப்படத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு மேதை இன்னொரு மேதைக்குச் செய்த அஞ்சலி, தூய துக்கம், இத்யாதி. அடுத்த பக்கத்தில் கபுகி நடிகர்களின் சாவுப்படங்கள் வந்துவிட்டால் மூக்கைச் சுளிப்பார்கள். அவசரச் சரக்கு, ரசிகைகளின் பைத்தியம், பிணத்தை வைத்துப் பிழைப்பு. இந்தப் பாகுபாடு அபத்தம் என்பது என் கட்சி.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: ஷினி-எ. ஷினி என்றால் சாவு, எ என்றால் படம். பூசி மெழுகாத பெயர். புகழ்பெற்ற நடிகர் கண்ணை மூடினால் சில நாட்களுக்குள் படம் கடைக்கு வந்துவிடும். பெரும்பாலும் வெளிர்நீலச் சடங்கு உடை, கையில் ஜெபமாலை, பக்கத்தில் ஷிகிமி மரக்கிளை. அதோடு இறந்த தேதி, வயது, இறந்தபின் சூட்டப்படும் பௌத்தப் பெயர், அடக்கம் செய்த கோயில். பல படங்களில் வரைந்தவர் கையெழுத்தே இருக்காது. அவசரத்தில் தேதியும் பெயரும் தப்பாக விழுந்ததும் உண்டு. அவசரச் சரக்குதான், மறுக்கவில்லை. சாவுச் செய்தி என்றைக்கு நிதானமாக வந்திருக்கிறது?

எட்டாம் இச்சிகாவா தான்ஜூரோவை எடுத்துக்கொள்வோம். எடோ நகரமே கொண்டாடிய அழகன். அவன் அப்பா ஏழாம் தான்ஜூரோவை, ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று 1842இல் அரசு எடோவை விட்டே துரத்தியது. மகன் 1854இல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டான். ஜப்பானியக் கணக்கில் வயது 32. காரணம் இன்றுவரை தெளிவில்லை. அவனுக்கு வந்த சாவுப்படங்கள் நூற்றுக்கும் மேல். புத்தரின் பரிநிர்வாணக் காட்சியைப் போலவே அமைத்ததும் அவற்றில் உண்டு: நடுவில் தான்ஜூரோ படுத்திருக்கிறான், சுற்றிலும் சீடர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெண்கள் அழுகிறார்கள்.

இதை 'பகடி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பகடி இருக்கு, யார் இல்லைன்னு சொன்னது? ஆனால் வாங்கியவளை யோசித்துப் பாருங்கள். அவள் எடோவில், அவன் செத்தது ஒசாகாவில். அவளுக்குச் சாவு வீட்டில் இடமில்லை, உறவும் இல்லை. வெறும் அழகு முகம்தான் வேண்டுமென்றால் பழைய நாடகப் படங்கள் எத்தனையோ கிடைக்கும். பௌத்தப் பெயரும் கோயில் பெயரும் அவளுக்கு எதற்கு? கும்பிடத் தெரிந்தவளுக்குத்தான் அந்த விவரம் வேண்டும். கடைக்காரனுக்கு அது தெரிந்திருந்தது, விமர்சகருக்குத் தெரியவில்லை.

சரி, அந்தத் 'தூய' படத்துக்கு வருவோம். மொட்டைத் தலையோடு, ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறார் ஹிரோஷிகே. 1856இல் துறவுக்கோலம் பூண்டவர். அருமையான படம். ஆனால் வரைந்த குனிசாதா யார்? அன்றைய எடோவில் மிக அதிகமாக விற்ற ஓவியர். கபுகி நடிகர் படங்களில் பேர் வாங்கியவர், சாவுப்படங்களும் போட்டவர். ஹிரோஷிகேயோடு சேர்ந்து தோக்கைதோ சாலையின் 53 நிலையங்களை வரைந்தவர். நிலக்காட்சி அவருடையது, மனிதர்கள் இவருடையவர்கள். நண்பர், தொழில் கூட்டாளி, இரண்டும். அந்தப் படமும் செதுக்கி, அச்சடித்து, விலைக்கு வந்ததுதான். ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு காட்சிகள்' வரிசை அப்போது இன்னும் வெளிவந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் குனிசாதாவின் துக்கம் பொய்யா? இல்லையே. அப்படியானால் தான்ஜூரோவுக்குப் பேர் போடாமல் வரைந்தவனின் துக்கம் மட்டும் எப்படிப் பொய்யாகும்? கையெழுத்து இருந்தால் கண்ணீர், இல்லாவிட்டால் கல்லாப்பெட்டியா?

குனிசாதா 1865 ஜனவரியில் போனபோது அவருக்கும் சாவுப்படம் வந்தது. வரைந்தவர்களில் ஒருவர் அவர் சீடர் குனிசிகா. குனியோஷிக்கு 1861இல் அவர் சீடர் யோஷிஇகு வரைந்தார். நடிகருக்குச் செய்த மரியாதையை ஓவியருக்கும் செய்தார்கள், அதே உருவத்தில், அதே வழக்கப்படி. தொழில் தெரிந்தவர்கள் மேல் கீழ் பார்க்கவில்லை.

அருங்காட்சியகங்கள் ஒன்று செய்யலாம். நடிகர் சாவுப்படத்தின் கீழே 'ஓவியர் பெயர் தெரியவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு நகராமல், படத்திலேயே செதுக்கியிருக்கிற தேதி, வயது, பௌத்தப் பெயர், கோயில் நாலையும் மொழிபெயர்த்து ஒட்டலாம். அந்தப் பெண் காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான்.