அறிவியல் அறிவோம்: வைக்கோலைக் கவர்ந்த கல்

வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியவர்கள் 'கஹ்ரபா' எனும் சொல்லை நன்கு அறிவார்கள். அரபு மொழியில் மின்சாரத்தைக் குறிக்கும் சொல் அது. அதன் வேர் பாரசீக மொழியில் உள்ளது. 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் கவர்ந்து செல்வது. மின்சாரத்திற்கும் வைக்கோலுக்கும் என்ன தொடர்பு?

கஹ்ரபா என்பது முதலில் ஒரு கல்லின் பெயர். பண்டைய மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாய் இறுகியதே அம்பர். தஸ்பீஹ் மணிகள் செய்யப்படும் மஞ்சள் நிற அம்பர் இதுதான். நறுமணப் பொருளான அம்பர் வேறு. இந்தக் கல்லைக் கம்பளித் துணியில் தேய்த்துத் துரும்பின் அருகே கொண்டு சென்றால், துரும்பு தாவி வந்து ஒட்டிக் கொள்ளும். கிரேக்கர்கள் இக்கல்லை 'எலெக்ட்ரான்' என்றழைத்தனர். 1600ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் இந்த ஈர்ப்பை ஆராய்ந்து நூல் எழுதியபோது, அக்கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் அமைத்தார். இவ்வாறு கிழக்கும் மேற்கும் ஒரே கல்லிலிருந்து மின்சாரத்திற்குப் பெயர் எடுத்துக் கொண்டன.

அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் கருவில் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், கருவைச் சுற்றி எதிர் மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்களும் உள்ளன. இரண்டும் சமமாக இருக்கும்வரை பொருளில் மின்னூட்டம் வெளிப்படுவதில்லை. இரு பொருள்களை ஒன்றோடொன்று தேய்க்கும்போது ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றொன்றிற்கு இடம் பெயர்கின்றன. பெற்றது எதிர் மின்னூட்டம் அடைகிறது. இழந்தது நேர் மின்னூட்டம் அடைகிறது. தேய்ப்பதால் மின்னூட்டம் புதிதாக உண்டாவதில்லை. இருப்பது இடம் மாறுகிறது. அவ்வளவே.

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும், வேறுபட்டவை ஈர்க்கும். பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரும்போது முடியிழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்பது இதனால்தான். இந்த விசையை அளந்தவர் பிரெஞ்சு அறிஞர் கூலூம். தொலைவு இருமடங்கானால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும் என்று 1785இல் அவர் காட்டினார்.

கடலோர ஊர்களில் வாழும் நமக்கு இந்த மின்னூட்டம் அதிகம் தென்படுவதில்லை. ஈரக்காற்று பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கி, மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்து போக வழி செய்கிறது. ரியாத் போன்ற நகரங்களில் குளிர்காலத்துக் காற்று மிகவும் வறண்டது. அங்கே தரைவிரிப்பின் மீது நடந்து சென்று கதவின் கைப்பிடியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது. பாலியெஸ்டர் முக்காட்டைக் கழற்றினால் படபடவென ஒலிக்கிறது. அவ்வேளையில் நம் உடலில் தேங்கியிருப்பது சில ஆயிரம் வோல்ட் அழுத்தம்! ஆயினும் மின்னூட்டத்தின் அளவு மிகக் குறைவு. அது பாயும் நேரமோ கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. ஆதலால் நமக்கு ஆபத்தில்லை.

ஆனால் அதே பொறி பெட்ரோல் ஆவியைச் சந்தித்தால் நிலைமை வேறு. பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஒரு மில்லி ஜூலுக்கும் குறைந்த ஆற்றலே போதும். நம் விரல் நுனியிலிருந்து பாயும் பொறியிலேயே அதனினும் மிகுந்த ஆற்றல் இருக்கக்கூடும். மேலும், குழாய் வழியே பாயும்போது பெட்ரோலும் உராய்ந்து மின்னூட்டம் பெறுகிறது. உலோகக் கலத்தைத் தரையில் வைத்தால் அது பூமிக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அதில் மின்னூட்டம் தங்கிவிடுகிறது.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், வீட்டுப் பிள்ளையின் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "பெட்ரோல் வாங்கி வா" என்று அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை அடியோடு விட்டுவிட வேண்டும். வாங்கியே தீர வேண்டுமெனில் பெரியவர்களே செல்லட்டும். பெட்ரோலுக்கென அமைந்த உலோகக் கேனைத் தரையில் வைத்து, குழாயின் முனை அதன் வாயைத் தொட்டிருக்குமாறு நிரப்பச் சொல்லுங்கள். வண்டியின் மேலோ மடியிலோ வைத்து நிரப்பக் கூடாது. காரிலிருந்து இறங்கியதும், எரிபொருள் மூடியின் அருகே செல்லுமுன், காரின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

விமானத்திற்கு எரிபொருள் நிரப்புமுன், எரிபொருள் வண்டியையும் விமானத்தையும் ஓர் உலோகக் கம்பியால் இணைக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் காக்கும் ஏற்பாடுகளுள் அந்த எளிய கம்பியும் ஒன்று. மின்னூட்டம் அமைதியாகச் செல்ல வழி கிடைத்தால் தீங்கு செய்வதில்லை. வழியின்றித் தேங்கும்போதுதான் பொறியாய்ப் பாய்கிறது.

இன்று மாலை குழந்தைகளை அருகில் அமர்த்தி, சீப்பையும் காகிதத் துண்டுகளையும் கொண்டு இந்த விந்தையைக் காட்டுங்கள். சீப்பும் முடியும் ஈரமின்றி இருக்க வேண்டும். காட்டி முடித்ததும், பெட்ரோல் பாட்டிலைப் பற்றியும் சொல்லி வையுங்கள்.