மாவு ஒன்று, பலகாரம் பத்து!

ஒரு ஹோட்டல். இட்லிக்கு ஒரு மாவு, தோசைக்கு வேறு மாவு, ஊத்தப்பத்துக்கு இன்னொன்று, குழிப்பணியாரத்துக்கு மற்றொன்று என்று தனித்தனியாக அரைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரைண்டர். கிரைண்டர் விற்ற கம்பெனியின் அரிசிதான் அதில் அரைபடும். ‘அடை போடுங்களேன்’ என்றால், ‘கம்பெனிக்கு எழுதியிருக்கோம் சார், ரெண்டு வருஷத்துல கிரைண்டர் வந்துடும்’ என்கிறார் முதலாளி. இந்த ஹோட்டல் எத்தனை நாள் ஓடும் என்று நினைக்கிறீர்கள்?

உலகத்து டெலிபோன் கம்பெனிகள் பல வருஷம் இப்படித்தான் ஓடின. நன்றாகவே ஓடின. எதிர்க்கடை இல்லையே!

எக்ஸ்சேஞ்ச் என்கிற பெரிய பீரோவுக்குள்தான் எல்லாமே இருந்தது. கால் வெயிட்டிங் வேண்டுமா? அந்த பீரோவின் சாஃப்ட்வேரில் கை வைக்க வேண்டும். கால் ஃபார்வர்டிங்கா? மறுபடி கை வைக்க வேண்டும். நூறு எக்ஸ்சேஞ்ச் இருந்தால் நூறிலும். கை வைக்கிற உரிமை பீரோ செய்த கம்பெனிக்கு மட்டும்தான். அவர்கள் சொன்னதுதான் தேதி, சொன்னதுதான் ரேட்டு.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனி 1967-ல் 800 நம்பர் சேவையை ஆரம்பித்தது. கூப்பிடுகிறவருக்குக் காசில்லை, கூப்பிடப்படுகிறவர் தலையில் பில். (நம்ம ஊர் 1800-க்குத் தாத்தா.) 1981-ல் அதே கம்பெனி ஒரு காரியம் செய்தது. யாராவது 800 என்று டயல் செய்தால், எக்ஸ்சேஞ்ச் தானே முடிவு எடுக்காமல், வெளியே தனியாக இருக்கும் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்கும்: ‘இதுக்கு நிஜ நம்பர் என்ன?’ அது சொல்லும் நம்பருக்கு லைன் போகும்.

பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் அன்றைக்கு மூளை பீரோவுக்கு வெளியே வந்துவிட்டது. மாற்றம் வேண்டுமா, ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் ‘இன்டெலிஜென்ட் நெட்வொர்க்’. 1990-களின் ஆரம்பத்தில் ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் இதற்கு ஸ்டாண்டர்டு எழுதியது. சேவைகளையெல்லாம் பிரித்து மேய்ந்ததில் ஓர் உண்மை தெரிந்தது. எல்லாமே பத்துப் பதினைந்து துண்டுகளால் ஆனவை! நம்பரை மாற்றிக் கொடு. யாருக்கு பில் என்று குறித்துக்கொள். லைன் பிஸியா, க்யூவில் நிறுத்து. ரகசிய எண்ணைச் சரிபார். லிஸ்டில் இருக்கிறாரா என்று பார். இவற்றில் முதல் மூன்றைக் கோத்தால் இலவச அழைப்பு. ரகசிய எண்ணையும் பில்லையும் கோத்தால் காலிங் கார்டு. மாவு ஒன்று, பலகாரம் பத்து.

நம் வாழ்க்கையிலும் இது நுழைந்தது. நாம் ஒரு காலத்தில் பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தோமே, அந்த பிரீபெய்டு ஓடியது இந்த ஏற்பாட்டில்தான். நீங்கள் நம்பரை அழுத்தியதும் நெட்வொர்க் ஒரு மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் ‘இவர்கிட்ட காசு இருக்கா?’ என்று விசாரிக்கும். இருந்தால்தான் மணி அடிக்கும். மாமனார் வீட்டு விசாரணை மாதிரி.

சரி, அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா?

அதுதான் இல்லை. ஸ்டாண்டர்டு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் பாஷையில் பேசியது. மதுரைத் தமிழ், கோவைத் தமிழ் வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். இங்கே ஒருவர் பேசியது மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஒரு கம்பெனியின் துண்டை எடுத்து இன்னொரு கம்பெனியின் பெட்டியில் சொருக முடியவில்லை. மாவு பொது என்றார்கள். பாத்திரத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

பூட்டு எங்கே இருந்தது தெரியுமா? ஒரு வார்த்தையில்!

ஸ்டாண்டர்டு எழுதும் கூட்டங்களில் சண்டை பெரும்பாலும் எதற்கு? இரண்டு குட்டி வார்த்தைகளுக்கு. ‘ஷால்’ என்று போட்டால் கட்டாயம் செய்தாக வேண்டும். ‘மே’ என்று போட்டால் இஷ்டமிருந்தால் செய்யலாம். இன்றைக்கு மொபைல் ஸ்டாண்டர்டுகளை எழுதுவது 3ஜிபிபி என்கிற கூட்டமைப்பு. 1998 டிசம்பரில் ஆரம்பித்தது. ஏழு அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன. இந்தியாவின் டிஎஸ்டிஎஸ்ஐ அதில் ஒன்று. ‘ஷால்’ என்பதற்குப் பதிலாக ‘மஸ்ட்’ என்று எழுதக் கூடாது என்றே அங்கே விதி இருக்கிறது. கூடுமானவரை எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் முடிவு. முடியாவிட்டால் ஓட்டு; 71 சதவீதம் வேண்டும்.

ஒத்துப்போகாத இரண்டு கோஷ்டியைச் சமாதானப்படுத்தச் சுலபமான வழி என்ன? ‘சரிப்பா, ரெண்டும் இருக்கட்டும், மே-ன்னு போட்டுடு!’ எல்லோருக்கும் சந்தோஷம். காபி சாப்பிடப் போய்விடலாம். ஆனால் அந்த ஒவ்வொரு ‘மே’யும் பின்னால் ஒரு பூட்டாகிறது. ஒரு கம்பெனி செய்யும், இன்னொன்று செய்யாது. இரண்டையும் இணைக்க முடியாது. வாங்கியவன் வாங்கிய இடத்திலேயே காலம் தள்ள வேண்டும். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் ‘லாபத்தைப் பிரித்துக் கொடுக்கலாம்’ என்று எழுதிப் பாருங்கள், புரியும்.

நான் பி.காம். டெலிபோன் பெட்டியைத் திறந்து காட்டினால் தூசி தட்டத்தான் தெரியும். ஆனால் ஸ்டாண்டர்டு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும் சார். 1494-ல் லூகா பாசியோலி என்கிற இத்தாலியப் பாதிரியார் டபுள் என்ட்ரி கணக்கைப் புத்தகத்தில் அச்சடித்தார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை ஒழுங்காக எழுதி வைத்தார், அவ்வளவுதான். ஐந்நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. காரணம், அதில் ‘மே’ இல்லை. பற்று எழுதினால் வரவு எழுதியே ஆக வேண்டும்!

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1993-ல் டெலிபோன் கம்பெனிகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ‘டைனா’ என்று ஒரு கூட்டணி அமைத்தார்கள். டெலிபோன் நெட்வொர்க்கையே ஒரு பெரிய கம்ப்யூட்டர் புரோகிராம் மாதிரி, எடுத்து எடுத்துப் பயன்படுத்தும் துண்டுகளாகக் கட்ட வேண்டும் என்பது லட்சியம். அருமையான யோசனை. மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்தது. 2000-ல் கடையைக் கட்டினார்கள். அவர்கள் வரைந்து வைத்த நேரத்தில், இன்டர்நெட் பசங்கள் யாரையும் கேட்காமல் எளிமையாக ஒன்றைச் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெனிஸ் வியாபாரி அங்கே இருந்தான். இவர்கள் பாசியோலியை மட்டும் வேலைக்கு வைத்திருந்தார்கள்.

யோசனை சாகவில்லை. 2018-ல் 3ஜிபிபி 5ஜி-க்கான முதல் ஸ்டாண்டர்டை முடித்தபோது, நெட்வொர்க்கின் நடுமையத்தைச் சேவைகளாகவே பிரித்துப் போட்டது. ஆளை அடையாளம் பார்ப்பது ஒரு சேவை. போன் எங்கே நகர்கிறது என்று கவனிப்பது ஒன்று. டேட்டா இணைப்பு போடுவது ஒன்று. அதற்கு முன் 4ஜி-யில் எந்த இரண்டு பெட்டி பேசினாலும் அந்த ஜோடிக்கென்று தனி ஒப்பந்தம். 5ஜி-யில் எல்லோருக்கும் ஒரே பேச்சு முறை. அதுவும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை; இன்டர்நெட்டில் பிரவுசர்கள் பேசும் அதே ஹெச்டிடிபி. இந்த முறை வெனிஸ் வியாபாரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு தரகர். புதிதாக ஒரு சேவை வந்தால் முதலில் தரகரிடம் ஜாதகம் கொடுக்க வேண்டும்: ‘நான் இன்னார், எனக்கு இன்னது தெரியும், இந்த விலாசம்.’ தேவைப்படுகிறவர் அவரிடம் விசாரித்துப் போய்ச் சேரலாம். பதிந்தவர் அவ்வப்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். சத்தமில்லை என்றால் ஆளைக் கிடப்பில் போட்டுவிடுவார். நம்ம ஊர் தரகர்கள் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவன் போட்டோவையெல்லாம் காட்டுகிறார்கள்.

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் வந்தது. ஜியோ இந்தப் புது மையத்தோடு தொடங்கியது. ஏர்டெல் முதலில் பழைய 4ஜி மையத்தின் மேலேயே 5ஜி-யை ஏற்றி ஓட்டியது. போன் மூலையில் இருவருக்கும் ‘5ஜி’ என்றுதான் எழுத்து வந்தது.

‘அதெல்லாம் சரி, எனக்கென்ன?’ என்கிறீர்களா? உங்கள் பேங்க் கணக்கு சம்பந்தப்பட்டிருக்கிறது.

திருடன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுகிறான். உங்கள் போன் செத்துவிடும். ஓடிபி அவனுக்குப் போகும். நீங்கள் டவர் இல்லை என்று மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது சேமிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். பணத்தை அனுப்புவதற்கு முன் பேங்க் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘இந்த நம்பரின் சிம் சமீபத்தில் மாறியதா?’ பதில் நெட்வொர்க்குக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியிடமும் ஒவ்வொரு பாஷையில் கேட்க வேண்டும் என்றால் எந்த பேங்க் மெனக்கெடும்? இதற்குத்தான் 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில் ‘ஓப்பன் கேட்வே’ என்று 21 கம்பெனிகள் கை கோத்தன. ஏர்டெல் அதில் ஒன்று. சிம் மாறியதா, இந்த நம்பர் இவருடையதுதானா, போன் எங்கே இருக்கிறது... எல்லாக் கம்பெனியிடமும் ஒரே மாதிரி கேட்கலாம்.

கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? போன் எங்கே இருக்கிறது! பேங்க் கேட்டால் பாதுகாப்பு. கடைக்காரன் கேட்டால்? மேனேஜர் கேட்டால்? மாவு பொதுவாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் பலகாரம் சுடலாம், சார். தனிநபர் தகவலுக்கு 2023-ல் நாமும் சட்டம் போட்டிருக்கிறோம். ஆனாலும் இந்த மாதிரி ஒரு ஸ்டாண்டர்டில் ‘வாடிக்கையாளரிடம் சம்மதம்’ என்று ஒரு வரி வந்தால், நான் முதலில் தேடிப் பார்ப்பது அதற்கு அடுத்து வரும் வார்த்தையைத்தான்.

‘வாங்கலாம்’ என்று இருக்கிறதா? ‘வாங்க வேண்டும்’ என்று இருக்கிறதா?