லினக்ஸ்: ரோல்பேக் செய்தால் கணக்கு ஏன் உதைக்கிறது?

அப்டேட் போட்டதும் சிஸ்டம் சண்டித்தனம் செய்கிறது. 'நேத்து இருந்த மாதிரியே ஆக்கிடு' என்று ரோல்பேக் செய்கிறோம். வேலை முடிந்தது என்றுதானே நினைப்போம்? லினக்ஸில் அதற்குக் குறுக்கே நின்றது ஒரு ஃபோல்டர்.

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தெந்த ஃபைல்கள் என்பதையெல்லாம் லினக்ஸ் ஒரு டேட்டாபேஸில் எழுதி வைக்கிறது. ஃபெடோரா, ஓபன்சூசே வகையறாவில் இதன் பெயர் ஆர்பிஎம். பல ஆண்டுகளாக அது இருந்த இடம் '/வார்/லிப்/ஆர்பிஎம்'. 'வார்' என்பது லாக், மெயில் என ஓயாமல் மாறும் சமாச்சாரங்களுக்கான இடம். மென்பொருள்களோ பெரும்பாலும் '/யுஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் இருக்கின்றன.

சரக்கு ஓரிடம், கணக்கு வேறிடம். அதனால் என்ன என்று கேட்கலாம். ஸ்னாப்ஷாட் வசதி வரும்வரை ஒன்றுமில்லைதான். ரோல்பேக்கின்போது 'வார்' ஃபோல்டரையும் பின்னுக்கு இழுத்தால் நேற்றிலிருந்து வந்த மெயில்கள் காலி. அதனால்தான் ஓபன்சூசே அதை ஸ்னாப்ஷாட்டில் சேர்ப்பதில்லை. விளைவு? மென்பொருள் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும்; ஆர்பிஎம் மட்டும் புதிய பதிப்பையே காட்டிக்கொண்டிருக்கும்.

இது வெறும் குழப்பம் அல்ல. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்க ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட் போட்டு, பிறகு ரோல்பேக் செய்ததாக வைத்துக்கொள்வோம். 'ஓட்டை அடைச்சாச்சா?' என்று கேட்டால் டேட்டாபேஸ் 'ஆச்சு' என்கும். அதை நம்பும் ஸ்கேனரும் தலையாட்டும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். பட்டா ஒருத்தர் பேரில், நிலம் இன்னொருத்தர் கையில் என்ற கதைதான்.

தீர்வு எளிமையானது: கணக்கையும் சரக்கு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது. முதலில் ஓபன்சூசேயும், 2022-ல் ஃபெடோரா 36-ம் இதை '/யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்' என்ற இடத்துக்கு மாற்றின. பழைய ஸ்கிரிப்டுகள் தடுமாறாமலிருக்க, பழைய முகவரியில் ஒரு சிம்லிங்க் மட்டும் விடப்பட்டது.

எதிர்ப்பும் உண்டு. எந்த ஃபோல்டரில் எது இருக்கலாம் என்று சொல்லும் எஃப்எச்எஸ் விதிப்படி 'யுஎஸ்ஆர்' என்பது படிக்க மட்டுமான இடம். மாறும் டேட்டாபேஸுக்கு அங்கே என்ன வேலை? கேள்வி நியாயமானது. ஆனால் மென்பொருள் மாறும்போது மட்டுமே இந்த டேட்டாபேஸ் மாறுகிறது. அந்த நேரத்தில் 'யுஎஸ்ஆர்' ஃபோல்டரும் எப்படியும் மாறத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் புதிய பதிப்புக்குப் போகும்போது, 'வார்' ஃபோல்டரில் உள்ள தன் தரவின் வடிவத்தையே மாற்றியிருந்தால், ரோல்பேக்கில் திரும்பிவரும் பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாது. டேட்டாபேஸை இடம் மாற்றுவதால் இது தீராது. தனி பேக்கப் இருந்தால்தான் உண்டு. டெபியன், உபுண்டு பக்கமோ கணக்கு இன்னும் '/வார்/லிப்/டிபிகேஜி'யில்தான் இருக்கிறது.