பெண்ணின் சைக்கிளும் ஒரு சுற்று சுற்றட்டும்!

"சைக்கிளில் ஊர் சுற்றுவதா? அதற்கு மலை வேண்டும், காடு வேண்டும்" என்பார்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அப்படிப்பட்ட மலை இல்லை. காடு உண்டு. ஆனால் நம் பக்கத்தில் காடு என்றால் கம்பும் சோளமும் விளைகிற நிலம்! மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம்.

ஆனாலும் இங்கே ஒரு நல்ல சுற்று இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் புறப்படுங்கள். சுமார் 15 கிலோ மீட்டர் போனால் திருச்சுழி. குண்டாற்றின் கரையில் உள்ள ஊர். ஆற்றில் பல மாதம் மணல்தான். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோவில் இங்கே இருக்கிறது. ரமண மகரிஷி 1879-ம் ஆண்டு பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் பிறந்த வீட்டைப் பார்க்கலாம்.

போன வழியே திரும்பாதீர்கள். ஊரில் விசாரித்து, கிராமச் சாலைகளில் வாருங்கள். மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச்சாலை வேண்டாம். அங்கே லாரிகளின் வேகம் சைக்கிளுக்கு ஆகாது. கிராமச் சாலையில் பனைமரம் வரும். கரி மூட்டம் புகையும். மார்கழி, தையில் கண்மாயில் தண்ணீர் கிடந்தால் கொக்கு நிற்கும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் மண் பாதையில் இறங்காதீர்கள். கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டை அடைத்துவிடும். பிறகு சைக்கிள் உங்களைச் சுமக்காது. நீங்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். நான் சுமந்திருக்கிறேன்!

இதை யாருக்குச் சொல்கிறேன்? பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய் தந்தையருக்குத்தான்.

பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. பெண்ணின் சைக்கிள் பள்ளிக்கூடம் போகிறது, வீட்டுக்கு வருகிறது. அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அல்லது தம்பி எடுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி எங்கே போனான் என்று யாரும் கேட்பது இல்லை. அக்காள் தெருமுனையைத் தாண்டினால் மட்டும் ஆயிரம் கேள்வி! இது என்ன நியாயம்?

புதுக்கோட்டையைப் பாருங்கள். அதுவும் வறண்ட பூமிதான். 1991-ம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். வயல் வேலை செய்த பெண்கள், கல் உடைத்த பெண்கள் எல்லாம் பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டே இருக்க, இவர்கள் பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள்.

"தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறதே" என்கிறீர்களா? அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் கூடப் போங்கள். அம்மாவும் வரட்டும். திருச்சுழிக்குப் பஸ்சில் பத்துத் தடவை போன அம்மா, நடுவில் உள்ள கண்மாயை ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்திருப்பாரா?

நிழல்தான் பெரிய குறை. ஊராட்சிகள் சாலை ஓரம் வேம்பும் புளியும் நட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் உதவும்.

அதுவரை, காலை 6 மணிக்கே புறப்படுங்கள். வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிடலாம். தண்ணீர், காற்று அடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் மூன்றும் கையில் இருக்கட்டும். கருவேல முள் எந்த டயரையும் விடாது. பஞ்சர் ஒட்டுவதைப் பெண்ணுக்கு முதல் நாளே வீட்டு வாசலில் வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.