சந்துக்கு வானம் குறைவு

“தஞ்சாவூரில் என்ன, சென்னை மாதிரி அடுக்குமாடியா இருக்கிறது? ஜி.பி.எஸ். தப்பாது, வழி தப்பினால் டெலிவரி பையன்தான் காரணம்” என்கிறார்கள். உயரத்தை மட்டும் பார்த்து, தெருவின் அகலத்தை மறந்த பேச்சு. போனுக்குச் செயற்கைக்கோள் தெரிய வானம் திறந்திருக்க வேண்டும்.

100 அடிச் சாலையின் இருபுறமும் 100 அடிக் கட்டடம் நின்றாலும், நடுவில் நிற்பவருக்குப் பக்கவாட்டில் அடிவானத்திலிருந்து 63 டிகிரி வரைதான் வானம் மறையும். மேலவீதியை ஒட்டிய சந்து 10 அடி என்று வையுங்கள். 25 அடி மாடிவீடுகளே 79 டிகிரி வரை மறைத்துவிடும். சந்தின் நீளவாக்கில் தெரியும் செயற்கைக்கோள்கள்தான் மிச்சம். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலோ தூரத்தைக் கூட்டிக் காட்டும். மேப்பில் நம் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவுவது இதனால்தான். ஒரத்தநாட்டு வயல்வரப்பில் அதே போனுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஜி.பி.எஸ்.ஸின் எல்5 அலைவரிசையும் இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களும் பிழையைக் குறைக்கும், சுவரை நகர்த்தாது. பையனுக்கு ஸ்டாரைக் குறைக்குமுன் சந்தை அளந்து பாருங்கள்.